சென்னை – சிங்கப்பூர்: ஏழு மணி நேரம் ஆகாது
டிக்கெட்டில் உள்ள நேரங்களைப் பார்த்தால் விமானப் பயணம் ஏழு மணி நேரம் போலத் தெரியும். பயப்படாதீர்கள், மூட்டுவலியோடு உங்கள் அம்மா அவ்வளவு நேரம் உட்கார வேண்டியதில்லை. டிக்கெட்டில் கிளம்பும் இரவு 11.15 சென்னை நேரம். மறுநாள் காலை சேரும் 6.05 சிங்கப்பூர் நேரம். இடைவெளி 6 மணி 50 நிமிடம். ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அதைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம்தான். தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். கதவை மூடி ஓடுபாதைக்கு உருண்டு போவது, இறங்கியபின் வாசலுக்கு வந்து நிற்பது எல்லாம் அந்தக் கணக்கிலேயே அடக்கம். வானத்தில் இருப்பது பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நடக்க வேண்டிய தூரம். இப்போதே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து சக்கர நாற்காலி சொல்லி வையுங்கள். நடைபாதை ஓரத்து சீட்டாகவும் கேளுங்கள், நடுவில் எழுந்து காலை நீட்டி நடக்கலாம். அப்புறம், சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card) அங்கே இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்த மூன்று நாளுக்குள் இணையத்தில் நீங்களே நிரப்பிவிடுங்கள். அது இலவசம்.