முகாமிலிருந்து பாதியில் திரும்பிய மாணவர்: தங்கும் இடத்தை மாற்றுங்கள்

கல்லூரியின் கிராம முகாமிலிருந்து ஒரு மாணவர் பாதியில் திரும்பிவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தங்கும் இடத்தை மாற்றுங்கள். ஊர்க் கோயில் மண்டபம் வேண்டாம். அரசுப் பள்ளிக் கட்டடம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

மற்ற வேலைகளில் சுறுசுறுப்பு, வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகச் சொன்னால் மட்டும் தயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சோம்பல் இல்லை என்பது அதிலேயே தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, "தம்பிக்கு எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில் எந்தத் தெரு?" இரண்டாவது கேள்வி எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், மாணவருக்கும் தெரியும்: சாதியை அறியத்தான். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

அடுத்த முகாமுக்கு முன் நீங்களே ஒரு நாள் போய், தலித் மக்கள் வாழும் காலனியில் தொடங்கி மற்ற சாதியினரின் ஊர்த்தெரு வரை நடந்து பாருங்கள். தேநீர்க் கடையில் குவளைகள் ஒரே மாதிரியா? மாணவிகளுக்குக் கதவுள்ள கழிப்பறை உண்டா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பிறகு எல்லோரையும் இருவர் இருவராக அனுப்புங்கள். தெருவைக் கேட்டால் "கல்லூரியிலிருந்து வருகிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும்: அவரைக் காலனிக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அக்கறை போலத் தோன்றும். அதுவும் அதே பிரிவினைதான். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் காரணம் கேட்கவும் வேண்டாம்.

கடையில் இரட்டைக் குவளை, அதாவது தலித் மக்களுக்கென்று தனிக் குவளை, இருந்தால் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் இரவு அங்கேயே மாணவர்களைத் தங்கவைத்துக்கொண்டு புகார் கொடுக்காதீர்கள். முதலில் அவர்களை வெளியே அழைத்து வாருங்கள்.