கேம்பர் வேனில் ஒட்டிய காகித வௌவால்கள் விடிவதற்குள் விழுந்தால்

ஹாலோவீன் அலங்காரத்துக்காக, நீங்கள் தூங்கும் கேம்பர் வேனுக்குள் டேப்பால் ஒட்டிய காகித வௌவால்கள் விடிவதற்குள் விழுந்துவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். டேப்பை மாற்றிப் பயனில்லை, வௌவால்களைத் தொங்கவிடுங்கள். திரைச்சீலைக் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, சின்னக் கிளிப்பில் மாட்டினால் போதும். இருட்டில் நரம்பு தெரியாது, வௌவால் பறப்பது போலவே இருக்கும்.

பினாங்கின் பத்து பெரிங்கியில் கடலோரமாக, ஏர்கான் இல்லாமல் தூங்குகிறேன் என்கிறீர்கள். அப்படியானால் மூச்சுக்காற்றின் ஈரம் வேனின் குளிர்ந்த தகரத்தில் படிந்து பசையை விடுவித்திருக்கும். அக்டோபர் பினாங்கில் மழைக்காலம் வேறு.

நாளைக் காலை கதவைத் திறக்கும் முன், வௌவால் விழுந்த இடத்தில் உலர்ந்த டிஷ்யூவை அழுத்திப் பாருங்கள். நனைந்தால் ஈரம்தான், இரவில் கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நனையாமல் பிசுபிசுவென்று பசை ஒட்டினால், பகல் வெயில் பசையை இளக்கியிருக்கிறது. நிழலில் நிறுத்துங்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். அலங்காரப் பஞ்சுச் சிலந்தி வலையை அடுப்புக்கு மேலேயோ காற்றுத் துவாரத்திலோ கேஸ் அலாரத்தின் மீதோ விரிக்காதீர்கள். பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும், வேனிலிருந்து வெளியேற வழியும் குறைவு. பூசணிக்காய்க்குள்ளும் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள்.