சிவப்பு தனியாக வருவதில்லை: நுண்ணுயிர் நிறமிகள் பற்றிக் கேள்வி பதில்

நொதித்தல் மூலம் உணவு நிறமி தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்ததில் பாதிக்கு மேல் சிவப்பைப் பற்றித்தான். பதில்களும் அந்தப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: நுண்ணுயிரிலிருந்து உணவு நிறம் என்கிறார்களே, கெட்டுப்போன சாப்பாட்டில் படரும் கலர் பூசணம் மாதிரியா?

ப: அடிப்படை அதேதான். பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா எல்லாமே தங்கள் தேவைக்காக நிறமிகளை உண்டாக்குகின்றன. வெளிச்சத்தைத் தாங்க, ஆக்சிஜன் தரும் சேதத்தைத் தடுக்க, பக்கத்தில் வளரும் போட்டியாளரை விரட்ட என்று காரணம் பல. வித்தியாசம் என்னவென்றால், கெட்ட சாப்பாட்டில் யார் யாரோ வளர்கிறார்கள். நொதிகலனில் நாம் தேர்ந்தெடுத்த ஒரே இனம்தான் வளரும். சர்க்கரை, நைட்ரஜன், காற்று எல்லாம் அளந்து போகும். நிறமியைப் பிரித்து, சுத்தம் செய்து, சோதித்த பிறகுதான் வெளியே வரும். செடியிலிருந்து எடுப்பதைப் போல மழைக்கும் விளைச்சலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

கே: சார், நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்ற பூஞ்சையை வளர்த்தால் ஒரு குடுவை நல்ல சிவப்பாகிறது, இன்னொன்று ஆரஞ்சிலேயே நின்றுவிடுகிறது. ஒரே ஸ்ட்ரெயின்தான் (ஒரே இனத்தின் ஒரே ரகம்). என்ன தப்பு?

ப: தப்பு எதுவும் இல்லை தம்பி, அந்தப் பூஞ்சையின் வழியே அதுதான். முதலில் வெள்ளை இழையாகப் படரும், பிறகு ஆரஞ்சு ஏறும். அந்த ஆரஞ்சு என்பது ரூப்ரோபங்டேட்டின், மொனாஸ்கோரூப்ரின் என்ற இரண்டு நிறமிகள். அமினோ தொகுதி உள்ள ஏதாவது கிடைத்தால் அதோடு வினைபுரிந்து இவை சிவப்பாக மாறும். கிடைக்காவிட்டால் ஆரஞ்சாகவே இழைக்குள் தங்கிவிடும்.

ஆகவே நைட்ரஜனுக்கு என்ன போட்டீர்கள் என்று பாருங்கள். அமினோ தொகுதி உள்ள மோனோசோடியம் குளூட்டமேட் போட்ட குடுவையில் நீரில் கரையும் சிவப்பு உண்டாகி, ஊடகமே (பூஞ்சை வளரும் சத்துக் கரைசல்) சிவந்துவிடும். அம்மோனியம் உப்பு போட்டிருந்தால், பூஞ்சை அம்மோனியத்தை உறிஞ்ச உறிஞ்ச பிஎச் சரியும். அமிலம் ஏறிய ஊடகத்தில் ஆரஞ்சும் மஞ்சளும்தான் ஓங்கும். இரண்டையும் வடிகட்டிப் பாருங்கள். ஆரஞ்சுக் குடுவையின் வடிநீர் வெளிறி இருக்கும், நிறம் முழுக்க வடிதாளில் நிற்கும். அதில் எத்தனால் ஊற்றினால் கரைந்து வரும்.

கே: மொனாஸ்கஸ் காலங்காலமாக மனிதர்கள் சாப்பிட்டு வந்த பூஞ்சைதானே? பிறகு ஏன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை உணவு நிறமாக அனுமதிக்கவில்லை?

ப: இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே வார்த்தையில் சொன்னால், சிட்ரினின். இது சிறுநீரகத்தைக் கெடுக்கும் பூஞ்சை நச்சு. 1931-லேயே பெனிசிலியம் சிட்ரினம் என்ற வேறொரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மொனாஸ்கஸிலும் கிருமிகளை எதிர்க்கும் ஒரு பொருள் இருப்பது தெரிந்து, அதற்கு மொனாஸ்கிடின் ஏ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது வேறெதுவும் இல்லை, சிட்ரினினேதான் என்பது 1995-ல் உறுதியானது.

சிக்கல் எங்கே என்றால், நிறமி, சிட்ரினின் இரண்டுமே பாலிகீட்டைடு என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒரே பூஞ்சை, ஒரே மூலப்பொருளைக் கொண்டு இரண்டையும் செய்கிறது. நிறத்தைக் கூட்டப்போய் நச்சும் கூடிவிடக்கூடும். சிட்ரினின் மரபணுவை முடக்கிய ஸ்ட்ரெயின்கள் உண்டு. இயல்பாகவே அதைச் செய்யாதவையும் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் மொனாஸ்கஸ் நிறமி அனுமதிக்கப்பட்ட உணவு நிறம். மொனாஸ்கஸ் அரிசி (இந்தப் பூஞ்சையை வளர்த்துச் சிவப்பாக்கிய அரிசி) கலந்த துணை உணவுகளில் சிட்ரினின் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் வைத்த உச்சவரம்பு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம்.

என் கருத்தைக் கேட்டால், "காலங்காலமாகச் சாப்பிட்டோம்" என்பது ஒரு சோதனை அறிக்கைக்கு ஈடாகாது. உடனே வாந்தி எடுக்க வைக்கும் பொருளைத்தான் வழக்கம் கண்டுபிடித்து ஒதுக்கும். மெல்ல மெல்லச் சிறுநீரகத்தைத் தின்னும் ஒன்றை வழக்கம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கே: அதே மொனாஸ்கஸ் அரிசி கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்று மாத்திரையாக விற்கிறார்களே?

ப: குறைக்கும், ஏனென்றால் அதில் மருந்தே இருக்கிறது. ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1979-ல் மொனாஸ்கஸ் ரூபரிலிருந்து பிரித்தெடுத்த மொனாகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற, ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மருந்தேதான். தசை வலி, கல்லீரல் பிரச்சினை என்று அந்த மருந்துக்கு உள்ள பக்க விளைவுகள் இதற்கும் உண்டு. ஒரு நாளைக்கான அளவில் மொனாகோலின் 3 மில்லிகிராமுக்குக் கீழ்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் விதித்தது. ஏற்கெனவே ஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

கே: 2024-ல் ஜப்பானில் நடந்தது சிட்ரினினாலா?

ப: இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் மொனாஸ்கஸ் அரிசி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. மாத்திரையில் இருந்தது பியூபெருலிக் அமிலம் என்ற நச்சு. அதை உண்டாக்கியது மொனாஸ்கஸ் அல்ல, உற்பத்தியின்போது உள்ளே நுழைந்த ஒரு பெனிசிலியம் பூஞ்சை. சிட்ரினினை மட்டும் தேடும் சோதனை இதைப் பிடிக்காது. பூஞ்சை வளர்ப்பில் அழையா விருந்தாளிக்கு எப்போதும் இடம் இருக்கும். காற்று வடிகட்டியிலும் வால்வுகளிலும் நாங்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கே: நான் சைவம். கார்மைன் என்ற சிவப்பு நிறம் பூச்சியிலிருந்து வருவதாமே. நுண்ணுயிரில் மாற்று உண்டா?

ப: ஆய்வுக்கூடத்தில் உண்டு. கார்மைனுக்கு நிறம் தரும் கார்மினிக் அமிலத்தை ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சைக்குள் உண்டாக்கிக் காட்டி, டென்மார்க் ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்டார்கள். அதற்காக அடுத்த பாக்கெட்டிலேயே அதுதான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் சில மில்லிகிராம் கிடைப்பதற்கும் தொழிற்சாலையில் டன் கணக்கில் எடுப்பதற்கும் இடையில் நிறைய தூரம்.

கே: லேபிளைப் பார்த்தால் நிறம் நுண்ணுயிரிலிருந்து வந்ததா என்று தெரியுமா?

ப: பெரும்பாலும் தெரியாது. மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினையே எடுங்கள். இ160ஏ என்ற உணவுச் சேர்க்கை எண்ணின் கீழ் வேதிமுறையில் செய்தது, செடியிலிருந்து எடுத்தது, பாசியிலிருந்து வந்தது, பிளேக்ஸ்லியா டிரிஸ்போரா பூஞ்சையில் விளைந்தது எல்லாமே அடங்கும். பாக்கெட்டில் எண் மட்டும் இருந்தால் எது என்று சொல்ல வழியில்லை.

அந்தப் பூஞ்சை ஒரு சுவாரசியமான பிராணி. கூட்டல், கழித்தல் என்று இரண்டு இனச்சேர்க்கை வகை. தனித்தனியாக வளர்த்தால் நிறம் சுமார்தான். சேர்த்து வளர்த்தால் இரண்டும் சேர்ந்து டிரிஸ்போரிக் அமிலத்தை உண்டாக்கும், அது கரோட்டின் உற்பத்தியை முடுக்கிவிடும், இழையெல்லாம் மஞ்சளேறும். கலனுக்குள் குழம்பு கெட்டியாகிவிடுவதால் காற்றை உள்ளே கலக்குவதுதான் பெரும்பாடு.

கே: பி2 வைட்டமினும் நிறமா?

ப: ஆமாம், ரிபோஃப்ளேவின், இ101. ஆஷ்பியா காஸிபீ என்ற பூஞ்சையும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவும் இதைச் செய்கின்றன. நீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் கலனிலேயே மஞ்சள் படிகங்களாக விழும். புற ஊதா விளக்கில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும், கண்ணாடி பாட்டிலில் விற்கும் பானத்துக்கு யோசித்துப் போடுங்கள்.

கே: கேக்குக்கு இயற்கை நீலம் வேண்டும். ஸ்பைருலினா போட்டால் அடுப்பில் போய்விடுகிறது.

ப: போகத்தான் செய்யும். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியின் நீல நிறமியான ஃபைக்கோசயனின் ஒரு புரதம், 60 டிகிரி தாண்டினால் குலைய ஆரம்பிக்கும். புளிப்பிலும் நிற்காது. சுட்ட பிறகு மேலே பூசும் கிரீமில் கலந்துகொள்ளுங்கள். (ஸ்பைருலினா வெளிச்சத்தில் வளர்வது, கறாராகப் பார்த்தால் அது நொதித்தல் கணக்கில் வராது.)

கே: ஈரமாக மூடி வைத்த ரொட்டியில் ரத்தச் சிவப்பாகப் புள்ளி வந்தது. அதையே வீட்டில் வளர்த்து நிறம் எடுக்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். 1819-ல் இத்தாலியின் பதுவா பக்கத்தில் மக்காச்சோளக் களி இப்படி ரத்தமாகி, ஊரே மிரண்டது. பார்த்தலோமியோ பிசியோ ஆராய்ந்து, காரணம் ஒரு நுண்ணுயிர் என்று சொன்னார். அதற்கு செராஷியா என்று பெயரும் வைத்தார். அதன் சிவப்பு புரோடிஜியோசின். நிறம் அழகுதான், ஆனால் அந்த பாக்டீரியா உடல் பலவீனமானவர்களுக்குத் தொற்றை உண்டாக்கக்கூடியது. உங்கள் ரொட்டியில் இருந்தது அதுவா, வேறு ஏதாவது பூஞ்சையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரொட்டியைப் பையில் கட்டித் தூக்கிப் போடுங்கள், டப்பாவைக் கொதிநீரில் கழுவுங்கள்.