குத்துச்சண்டைப் பயிற்சியில் ஓய்வு நாள் எடுத்தால் பின்தங்கிவிடுவோமா?

மாட்டீர்கள். வாரத்தில் ஆறு நாள் போகிறேன், ஏழாவது நாளும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜிம்மில் பெரும்பாலும் பேட் (குத்துகளை வாங்கிக்கொள்ளக் கையில் மாட்டும் தடித்த மெத்தை) பிடிக்கிறவன். ஓய்வே இல்லாமல் வருகிறவர் மோசமாகிக்கொண்டு போவது அவருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

களைப்பு முதலில் அடியின் சத்தத்தில் தெரியாது. ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) சரியாகவே வந்து விழும். திரும்பிப் போகிற கைதான் காட்டிக்கொடுக்கும். நேராகத் தாடைக்குப் போக வேண்டியது மார்பு உயரத்துக்கு இறங்கி, அப்புறம் மேலே ஏறும். பின்காலின் குதிகால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பேடைச் சும்மா முகத்தை நோக்கி வீசினால், போன வாரம் சட்டென்று விலகிய தலை அப்படியே நிற்கும். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், அந்த இடத்துக்கு ஒரு கிராஸ் (பின்கையால் விடும் நேர்க்குத்து) வரும். இதே நிலையில் தினமும் பயிற்சி செய்தால் கை இறங்குவது பழக்கமாகவே ஆகிவிடும். அதைத் திருத்துவது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய வேலை.

உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. கடுமையான பயிற்சிக்குப் பிறகு வரும் தசை வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல இறங்கும். தசையில் தீர்ந்துபோன கிளைகோஜன் (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை), மாவுச்சத்து போதுமான அளவு சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் நிரம்பிவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அப்படியில்லை. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, தேறுவதும் தாமதம். தோள் தயாராக இருக்கிறது என்று பேக்கைக் குத்துகிறவருக்கு மணிக்கட்டும் முழங்கையும் மாதக்கணக்கில் தொல்லை கொடுப்பது இதனால்தான்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது தலைக்குத்தான். மூளைக்கு வலியை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. ‘வலிக்கலையே, நல்லாத்தான் இருக்கேன்’ என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமெச்சூர் குத்துச்சண்டையில் தலையில் அடிபட்டு நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் விலக்கி வைப்பது பல காலமாக உள்ள விதி. மூளை அதிர்ச்சி என்றால் முதல் 24 முதல் 48 மணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இருட்டறையில் படுத்தே கிடக்கத் தேவையில்லை, மெதுவாக நடக்கலாம். அப்புறம் படிப்படியாக ஏறலாம், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மருத்துவர் சொல்லாமல் ஸ்பாரிங் கூடாது.

நாக் அவுட்டே ஆகாமல், வாரம் முழுக்கத் தலையில் வாங்கும் சின்னச் சின்ன அடிகளையும் கணக்கில் வையுங்கள். 2021 ஜனவரியில் கலப்புத் தற்காப்புக் கலை வீரர் மேக்ஸ் ஹாலோவே, கால்வின் கேட்டர் மீது 5 ரவுண்டில் 445 முக்கிய அடிகளை இறக்கி, யுஎஃப்சி என்ற அந்தச் சண்டைப் போட்டி அமைப்பில் சாதனை படைத்தார். அந்தச் சண்டைக்கான தயாரிப்பில் ஸ்பாரிங்கே செய்யவில்லை என்று அவரே சொன்னார். அவர் அனுபவசாலி. புதிதாகக் கற்கிறவருக்கு ஸ்பாரிங் வேண்டும்தான், ஆனால் தினமும் வேண்டாம்.

என்னைக் கேட்டால், கடும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு, அதுவும் அடுத்தடுத்த நாளில் இல்லை. மறுநாள் ஸ்கிப்பிங், ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது), மெதுவான டெக்னிக் போதும். ஒரு நாள் முழு ஓய்வு. எடை குறைக்க வியர்த்துத் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில் தலையில் அடி வாங்கவே கூடாது. ஐஸ் குளியலைப் பெரிதாக நம்ப வேண்டாம். வெயிட் பயிற்சி முடிந்ததும் வழக்கமாக அதில் இறங்கினால் தசை வளர்ச்சி குறையலாம். அந்த நேரத்துக்குத் தூங்கலாம்.

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பைப் பாருங்கள். சில நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடியிருந்து, தூக்கமும் கெட்டு, எல்லோர் மேலும் எரிச்சல் வந்தால் பயிற்சியைக் குறையுங்கள். இந்த நிலையில் பிடித்தால் சில நாளிலோ சில வாரத்திலோ சரியாகிவிடும். முற்றவிட்டால் மாதங்கள் போகும்.

ஜிம்முக்குப் போகாமல் இருக்கவே முடியாது என்றால் போங்கள். கையுறை மாட்டுவதற்கு முன்னாலேயே ‘இன்னைக்கு லைட்தான்’ என்று கோச்சிடம் சொல்லிவிடுங்கள். அதற்குக் கிண்டலடிக்கிற ஜிம் என்றால் வேறு ஜிம் தேடலாம்.