கிளிநொச்சி டவுனில் ஃபலாஃபெல், ஹம்மஸ் விற்கும் மதியக் கடை சரிவருமா?

கேள்வி: கொழும்பில் உள்ளதுபோல, கவுண்டரில் கைகாட்டித் தட்டை நிரப்பி வாங்கும் மத்தியதரைக்கடல் சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கிளிநொச்சியில் மதியத்துக்கு மட்டும் போட யோசிக்கிறோம். இங்கே கிடைக்கும் சாமானை வைத்துச் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் ஷவர்மாவில் தொடங்க வேண்டாம். கம்பியில் குத்திய இறைச்சிக்கு ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். மதியம் ஒரு மணித்தியாலம் சீவி விற்றுவிட்டு நெருப்பைக் குறைத்தால் உள்பக்கம் அரைவேக்காட்டில் இளஞ்சூடாகவே கிடக்கும், கிருமிக்குக் கொண்டாட்டம். ஃபலாஃபெல், அதாவது ஊறிய கடலையை அரைத்துப் பொரிக்கும் உருண்டை, முழு மரக்கறி. வெள்ளிக்கிழமையும் விற்கும்; வன்னியில் அது சின்ன விசயமில்லை.

ஃபலாஃபெல்லைக் கடலை வடையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று நினையுங்கள். வடைக்குப் பருப்பை அவிப்போமா? இதற்கும் அவிக்கக்கூடாது. அவித்த கடலையில் மாப்பசை ஏற்கெனவே வெந்துவிடுவதால் உருண்டை எண்ணெய்க்குள் பிடிமானமில்லாமல் கரையும். பிறகு கோதுமை மா போட்டு இறுக்கினால் போண்டாதான் வரும். அரைக் கிலோ வெள்ளைக் கடலையை 12 மணித்தியாலம் ஊறவிடுங்கள். எங்கள் வெக்கையில் ஒரே தண்ணீரில் விட்டால் நுரைத்துப் புளிக்கும். இரண்டு தரம் தண்ணீர் மாற்றுங்கள், அல்லது பிரிட்ஜில் ஊறவையுங்கள். ஊறியதும் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். நன்றாக வடியவிட்டு, ஒரு பெரிய வெங்காயம், எட்டுப் பல் உள்ளி, ஒரு கட்டு மல்லித்தழை, சின்னச்சீரகத்தூளும் மல்லித்தூளும் இரண்டிரண்டு தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி சேர்த்து அரையுங்கள். விரலில் எடுத்து உருட்டினால் ரவைபோல் நெருடவேண்டும், அமத்தினால் ஒட்டவேண்டும். மைபோல அரைத்தால் உள்ளே களியாகும். அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, பொரிக்கிற நேரத்தில் மட்டும். எண்ணெய் 175 பாகை செல்சியஸ். 25 கிராம் உருண்டை நாற்பத்தைந்து வரை கிடைக்கும். தட்டுக்கு ஐந்து என்றால் ஒன்பது தட்டு. முன்கூட்டியே பொரித்துக் குவிக்காதீர்கள், அரை மணித்தியாலத்தில் தோல் போலாகிவிடும்.

ஹம்மஸ் என்பது கடலையை எள்ளு விழுதோடு அரைத்த மசியல்; அதற்கு நேர்மாறு. கடலையை அரைத் தேக்கரண்டி சோடா போட்டு, பெருவிரலால் அமத்தினால் மசியும் அளவுக்கு அவிக்கவேண்டும். 250 கிராம் காய்ந்த கடலைக்கு எள்ளு விழுது 150 கிராம், தேசிக்காய்ச் சாறு 60 மில்லிலீற்றர், உள்ளி மூன்று பல்லு, ஐஸ்தண்ணீர் 100 மில்லிலீற்றர் வரை. உள்ளியை அரைத்துப் பத்து நிமிடம் தேசிக்காய்ச் சாற்றில் விட்டால் காரம் அடங்கும்.

எள்ளு வன்னியிலேயே விளையும் சாமான், ஆனால் தோலோடு அரைத்தால் கசக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளைச் சிறு நெருப்பில் நிறம் மாறாமல் வறுத்து அரையுங்கள். இளக்க நல்லெண்ணெய் கொஞ்சம் போதும்; தேங்காயெண்ணெய் விட்டால் பிரிட்ஜில் உறைந்து கட்டியாகும். விழுதில் முதற் கரண்டித் தண்ணீரை விட்டதும் திரைந்ததுபோல இறுகும். பழுதாகிவிட்டது என்று கொட்டாதீர்கள். இன்னும் இரண்டு கரண்டி விட்டு அடிக்க வெளுத்து இளகும். ஒலிவ் எண்ணெய் விலை என்பதால் கடைசியில் மேலே விட மட்டும்.

வெள்ளை சோஸுக்கு மயோனைஸ் வேண்டவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைக் கேரளம் 2023இலும் தமிழ்நாடு 2025இலும் தடைசெய்தன. வயிற்றைக் கெடுக்கும் சல்மொனெல்லாக் கிருமிப் பயம்தான் காரணம். எங்களிடம் எருமைத் தயிர் இருக்கிறதே. அதைத் துணியில் கட்டி நான்கு மணித்தியாலம் பிரிட்ஜுக்குள் தொங்கவிட்டு, துருவி உப்பிட்டுப் பிழிந்த கெக்கரிக்காயைக் கலந்தால் வேலை முடிந்தது. பிழியாவிட்டால் பார்சலுக்குள் தண்ணீர் ஓடும்.

பிற்றா ரொட்டியை, அதாவது பைபோலப் பொங்கும் தட்டை ரொட்டியை, கனமான, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் சுடலாம். 500 கிராம் மாவுக்கு 320 மில்லிலீற்றர் தண்ணீர், 7 கிராம் ஈஸ்ட். கல் சூடு காணாவிட்டால் பொங்காது. இருந்தாலும் கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கிச் சனம் மதியம் சோறுதான் தேடும். மஞ்சள் சோற்றின்மேல் இவற்றை வைத்துக் கொடுப்பதே பாதுகாப்பான தொடக்கம்.

கவுண்டரில் ஹம்மஸும் தயிரும் ஐஸ்மேல் சின்னக் கிண்ணங்களில் இருக்கட்டும். 32 பாகைக்கு மேலான வெக்கையில் வெளியே ஒரு மணித்தியாலத்துக்குமேல் கிடந்ததை வீசிவிடுங்கள், திரும்பப் பிரிட்ஜுக்குள் வைக்காதீர்கள்.