அம்மாவை மூன்றாவது மாடிக்குக் கூட்டி வரும் முன்

உசிலம்பட்டிப் பக்கம் தனியாக இருக்கும் 74 வயது அம்மாவுக்கு மறதி கூடுகிறது, மதுரை பைபாஸ் ரோட்டில் உங்கள் மூன்றாவது மாடி வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்டி வாருங்கள், ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டாம். லிஃப்ட் இல்லை, பகலில் இருவருமே வேலைக்குப் போய்விடுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் நாலு பேர் பேசிவிட்டுப் போவார்கள், இங்கே டிவிதான் துணை. டிமென்ஷியாவுக்கு (மறதி நோய்) நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் சொன்ன 14-ல் தனிமை, காற்று மாசு, உடலுழைப்பு இல்லாமை, காது கேளாமை, பார்வைக் குறைவு எல்லாம் வருகின்றன. தெப்பக்குளம் பக்கம் தரைத்தளத்தில் வீடு கிடைக்கிறதா பாருங்கள், சாயங்காலம் நடக்கலாம், மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே. வாடகை இடிக்கும்தான்.

அதற்கும் முன்னால் வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அதில் குறை இருந்து வரும் மறதி மருந்திலேயே குறைய வாய்ப்புண்டு. கண்புரை இருக்கிறதா என்று அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் காட்டுங்கள், காதையும் சோதித்துவிடுங்கள். அப்புறம், இடம் மாறிய புதிதில் குழப்பம் கொஞ்சம் கூடும், பயப்பட வேண்டாம். அவர் பழகிய கட்டிலையே கொண்டு வாருங்கள், பாத்ரூம் போகும் வழியில் இரவு விளக்கு போடுங்கள்.