கைக்கட்டை இப்போது கழற்ற வேண்டாம்

சகோதரி, ஒரு வயது மகளுக்கு அண்ணப்பிளவு (வாயின் மேல்கூரையில் பிளவு) அறுவை முடிந்து ஒரு வாரம் ஆகிறது, பால் குடிக்க மறுக்கிறாள், முழங்கைக் கட்டைப் பார்த்து மாமியார் "பாவம், கழற்றிவிடு" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மகனுக்கும் பெங்களூரில்தான், அதே வயதில் செய்தோம்.

டாக்டர் சொல்லும்வரை கட்டு இருக்கட்டும். விரல் வாய்க்குள் போய்த் தையல் பிரிந்தால் அண்ணத்தில் ஓட்டை விழலாம். மாமியாரை அடுத்த செக்கப்புக்கு அழைத்துப் போங்கள். டாக்டரே சொன்னால் மனம் ஆறும்.

அவள் குடிக்காததற்குப் பெரும்பாலும் வலிதான் காரணம். வலி மருந்து கொடுத்து அரைமணி நேரம் கழித்து ஊட்டிப் பாருங்கள். நாங்கள் ராகிக் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவைத்து, மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையால் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குவைத்த சின்னக் கிண்ணம்) கன்னத்தோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். முதலில் பாதி வழிந்துவிடும், பரவாயில்லை. கடைசியில் இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தால் தையலில் எதுவும் ஒட்டாது. சிறுநீர் குறைந்தாலோ, காய்ச்சலோ ரத்தமோ வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் காது. இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது சகஜம். கேட்கவில்லையென்றால் பேச்சும் தள்ளிப்போகும். அவசியம் பரிசோதியுங்கள். பேச்சுப் பயிற்சிக்கு மைசூரில், 1965இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் கேட்பதால் பேச்சு குழம்பாது. தாராளமாகப் பேசுங்கள்.